பட்டையகலமும் சந்தாதாரர் பெருக்கமும்

இணையச் சேவை வழங்கும் நிறுவனமொன்று தன் சந்தாதாரர் தொகை இரட்டித்ததெனப் பெருமையுடன் அறிவிக்கின்றது. அதே காலத்தில், இரவு எட்டு மணிக்கு இணையவழிப் பாடங் கேட்க அமரும் மாணவனின் திரையில் ஆசிரியரின் உருவம் அசைவற்று நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டா? சந்தாதாரர் இரட்டித்தாற் பட்டையகலமும் இரட்டித்தல் போதுமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டையகலமாவது, ஒரு விநாடியில் ஓர் இணைப்பினூடாகச் செல்லத்தக்க தரவின் உச்ச அளவு. அதனை வாய்க்காலின் அகலத்துக்கு ஒப்பிடலாம். நம் வீட்டு இணைப்புச் சிறு வாய்க்கால். ஊரவர் இணைப்புகளெல்லாஞ் சென்று கூடும் நிறுவனத்தின் இணைப்புப் பெரு வாய்க்கால். பெரு வாய்க்கால் எல்லார்க்கும் பொது. அதன் அகலம் சிறு வாய்க்கால்களின் அகலங்களைக் கூட்டிவந்த தொகைக்குப் பெரும்பாலுஞ் சமமாவதில்லை. 2000ஆம் ஆண்டின் பின் பிரித்தானியாவிற் பரவிய அகன்றபட்டைச் சேவையில், வீட்டு இணைப்புகள் ஐம்பதுக்கு ஒன்று, அலுவலக இணைப்புகள் இருபதுக்கு ஒன்று என்னும் பங்கீட்டு விகிதங்கள் வழங்கின.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகம் பெற்ற 1,000 வீடுகள் உள்ளன. ஐம்பதுக்கு ஒன்று என்னும் விகிதப்படி அவற்றுக்குப் பொதுவான பட்டையகலம் 200 மெகாபிட். ஒரே வேளையில் 20 வீட்டார் முழு வேகத்துடன் பயன்படுத்தினால் எவர்க்குங் குறையில்லை. 100 வீட்டார் வந்தாலோ, ஒவ்வொருவர்க்குங் கிடைப்பது 2 மெகாபிட் மட்டுமே.

இவ்வாறு பங்கிடுதல் வஞ்சகமா எனின், அன்று. எல்லாரும் ஒரே கணத்தில் வருவதில்லை என்னும் உண்மையே இதற்கு அடிப்படை. கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய டென்மார்க்குக் கணித அறிஞர் அக்னர் எர்லாங் 1909இலும் 1917இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். சராசரியாகப் பத்து உரையாடல்கள் ஒருங்கே நிகழுமிடத்தில், நூற்றுக்கு ஒருவர்க்கு மேல் வழி மறுக்கப்படாதிருக்க 18 தொலைபேசி வழிகள் வேண்டும். நூறு உரையாடல்கள் நிகழுமிடத்திலோ 180 வழிகள் வேண்டா. ஏறத்தாழ 117 போதும். பலர் கூடுந்தோறும் பங்கீடு சிக்கனமாகின்றது. ஆதலின், சந்தாதாரர் இரட்டித்தாற் கொள்ளளவும் இரட்டித்தே ஆகவேண்டும் என்பது விதியன்று.

ஆயின், இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி, பழைய அளவிலேயே பயன்படுத்த வேண்டும். அப்பழக்கம் மாறுமிடத்துக் கணக்குங் குலையும்.

இதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று தக்க சான்று. ‘அமெரிக்கா ஒன்லைன்’ என்னும் நிறுவனம் மாதத்துக்கு ஐந்து மணித்தியாலங்களுக்கு 9.95 டொலரும், அதற்குமேல் மணித்தியாலத்துக்கு 2.95 டொலரும் அறவிட்டுவந்தது. 1996 டிசம்பர் 1இல், 19.95 டொலருக்கு மாதம் முழுவதும் அளவின்றிப் பயன்படுத்தலாம் என்னுந் திட்டத்தைத் தொடங்கிற்று. சில வாரங்களிற் சந்தாதாரர் தொகை ஏறத்தாழ 70 இலட்சத்திலிருந்து 80 இலட்சமாயிற்று. ஏழிலொரு பங்கு வளர்ச்சியே. ஆனாற் பயன்பாட்டு நேரமோ இரு மடங்குக்கு மேற் பெருகிற்று. மணிக்கணக்குக் கட்டணம் நீங்கவே, இணைப்பைத் துண்டிக்க எவருக்கும் மனம் வரவில்லை. மோடம்கள் போதாமையாற் பணஞ் செலுத்தியோர்க்கு இணைப்புக்குப் பதிலாகத் ‘இணைப்பு வேலையில் உள்ளது’ என்னுந் தொலைபேசித் தொனியே கிடைத்தது. 1997 ஜனவரியிற் பல மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் தலையிட, பணத்தை மீளளிக்க நிறுவனம் இசைந்தது.

இதனாற் புலப்படுவது யாது? பட்டையகலம் ஒத்துச் செல்லவேண்டியது சந்தாதாரர் தொகையோடன்று. நெருக்கடி மணித்தியாலத்தில் அவர்கள் ஒருங்கே வேண்டும் அளவோடேயாம். சந்தாதாரர் ஒருவர்தாமுங் கூடாமலே நெருக்கடி பெருகலாம். 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் மக்கள் வீட்டிலடங்கியபோது, ஐரோப்பிய ஆணைக்குழுவின் வேண்டுகோளை ஏற்று நெட்பிளிக்ஸ், யூரியூப் நிறுவனங்கள் அக்கண்டத்தில் தம் காணொளிகளின் தரத்தைக் குறைத்தமை நினைவுகூரத்தக்கது.

நம் பங்குக் கிணறுகளில் இன்னார்க்கு இன்ன வேளை என்னும் இறைப்பு முறை உண்டு. இணையத்தில் அத்தகைய முறை இல்லை. இரவு எட்டு மணிக்கு எல்லாருந் துலாவைப் பற்றுகின்றனர். எனவே, வேகத்தைக் கூறி விற்கும் விளம்பரங்களில் ‘வரை’ என்னுஞ் சிறு சொல்லை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘10 மெகாபிட் வரை’ என்பது மேலெல்லையைச் சுட்டுமேயன்றிக் கீழெல்லையைச் சுட்டாது. அச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பது பெரு வாய்க்காலின் அகலம். எத்தனை பேர் சேர்ந்தனர் என்பது நிறுவனத்தின் பெருமை. இரவு எட்டு மணிக்கு ஒருவர்க்கு எவ்வளவு கிடைக்கின்றது என்பதே அதன் நேர்மை. நாங் கேட்கவேண்டிய வினா பின்னையதேயாம்.