வாக்குரிமையும் மாநில யாப்பும்: மிசிசிப்பி தரும் பாடம்

மக்களாட்சிக்கு உயிர்நாடி வாக்குரிமை என்பர். அதனை அளிப்பது யாது, கெடுப்பது யாது என ஆராய்வார்க்கு ஐக்கிய அமெரிக்காவின் மாநில யாப்புகள் நல்ல சான்றாகும். 1789 இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி யாப்பு, வாக்காளர் தகைமையைத் தானே வகுக்காது மாநிலங்களிடம் விட்டது. ஆதலின் யார் வாக்களிக்கலாம் என்பதை மாநில யாப்பே விதிப்பதாயிற்று.

உள்நாட்டுப் போரின் பின், 1870 இல் நிறைவேறிய பதினைந்தாந் திருத்தம் இனம், நிறம், முன்னைய அடிமைநிலை என்பன காரணமாக வாக்குரிமையை மறுத்தலாகாது என்றது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராய் வாழ்ந்த மிசிசிப்பியில், 1890 இற் கூடிய யாப்பு மன்றம் இத்தடைக்கு அகப்படாத வழியை நாடிற்று. 134 பேர் கொண்ட அம்மன்றத்திற் கறுப்பினத்தவர் ஒருவரே இருந்தார். அது இயற்றிய யாப்பு மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்படவுமில்லை.

அந்த யாப்பின் பன்னிரண்டாம் அத்தியாயம் வாக்குரிமை பற்றியது. வாக்காளர் மாநிலத்தில் ஈராண்டும் தொகுதியில் ஓராண்டும் வதிந்திருத்தல் வேண்டும். 2 டொலர் தலைவரி செலுத்தியிருத்தல் வேண்டும். யாப்பின் ஒரு பிரிவை வாசித்தல், அன்றேல் பிறர் வாசிக்கக் கேட்டு விளங்குதல், அன்றேல் அதற்குத் தகுந்த விளக்கங் கூறல் வேண்டும். விளக்கம் தகுந்ததோ என முடிவு செய்பவர் பதிவு அலுவலரே. இனம் என்னும் சொல் இவ்விதிகளில் இல்லை. ஆயினும் அலுவலரின் விருப்பமே சட்டமாயிற்று. விதிகளின் வாசகத்திற் பாகுபாடு இல்லையெனக் கொண்டு, அமெரிக்க உயர் நீதிமன்றம் 1898 இல் அவற்றை ஏற்றுக்கொண்டது.

குற்றப் பட்டியலும் நோக்கத்தக்கது. களவு, கள்ளக் கையொப்பம், இருமணம் முதலியவற்றுக்குத் தண்டிக்கப்பட்டோர் வாக்குரிமை இழந்தனர், கொலைஞர் இழந்திலர். கொலைக்குற்றம் 1968 இலேயே அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

தளை நீங்க நெடுங்காலஞ் சென்றது. 1964 இல் இருபத்துநான்காந் திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குக்கு வரி வேண்டுதலை ஒழித்தது. 1966 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு மாநிலத் தேர்தல்களிலும் அதனை நீக்கிற்று. இவற்றிற்கிடையே 1965 இல் வந்த வாக்குரிமைச் சட்டம் வாசிப்புச் சோதனைகளை நிறுத்திக் கூட்டாட்சி அலுவலர் வாக்காளரைப் பதியவும் வழிசெய்தது. அதன் முன், வாக்களிக்கும் வயதெய்திய கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேரளவினரே மிசிசிப்பியிற் பதிவு பெற்றிருந்தனர்; 1967 இல் அத்தொகை ஏறக்குறைய அறுபதாயிற்று. வாசிப்பு விதி 1975 இல் யாப்பினின்றும் அகற்றப்பட்டது. குற்றப் பட்டியல் மட்டும் நிலைத்துநின்றது.

ஏழிலிருந்து அறுபதாக உயர்ந்தபோது மாறியது மக்களின் அறிவன்று. அவர்தம் தகுதியை அளந்த கையே. ஆகவே, ஒரு யாப்பின் பெருமையை உரிமை வழங்கும் வாசகத்தில் மட்டுமன்றி, அதனைத் தொடரும் நிபந்தனைகளிலும், அவற்றை நிறைவேற்றுவோரின் அதிகாரத்துக்கு இட்ட எல்லையிலும் காண்டல் வேண்டும்.