நீரூற்ற ஆளில்லாத பொன்மரம்

2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் என்னும் வீடியோ கேமில், புல்வெளியில் நின்றாலும் சதுப்பில் நின்றாலும் பனிமலை ஏறினாலும், தொலைவில் ஒரு பொன்னிற மரம் தெரிந்துகொண்டே இருக்கிறது. எர்ட்ட்ரீ எனப்படும் அந்த மரம் இரவிலும் ஒளிர்கிறது. வழி தவறிய ஆட்டக்காரருக்குத் திசை காட்டுகிறது. அந்தக் கற்பனை உலகின் குடிகளுக்கோ அதுவே கோயில், அதுவே அரசு, செத்தபின் போய்ச் சேரும் இடமும் அதுவே. அதைப் பார்த்த மாத்திரத்தில், கிறித்தவம் பரவுவதற்கு முன் ஸ்காண்டிநேவியாவில் வாழ்ந்த நார்ஸ் மக்களின் உலக மரமான இக்ட்ரசில் பலருக்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்த ஒப்புமையோடு நின்றுவிடுவோர், இரண்டு மரங்களுக்கும் நடுவே உள்ள பெரிய வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ‘உரைநடை எட்டா’ என்னும் புராணத் தொகுப்பும், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏட்டில் ஏறிய பழம்பாடல்களும் காட்டும் இக்ட்ரசில், வானளாவிய மரமே ஆனாலும் நோயுற்ற மரம். நிதோக் என்னும் நாகம் அதன் வேரைக் கடித்துக்கொண்டிருக்க, மான்கள் தளிரை மேய்கின்றன. அடிமரத்தின் ஒரு பக்கம் உளுத்துப்போகிறது. உச்சியில் அமர்ந்த கழுகுக்கும் அடியில் கிடக்கும் நாகத்துக்கும் இடையே ஓர் அணில் ஏறி இறங்கிக் கோள் மூட்டுகிறது. இத்தனைக்குப் பின்னும் அது பட்டுப்போகாமல் நிற்பதற்குக் காரணம், விதியை வகுப்பவர்களான நோர்ன்கள் என்னும் பெண்கள் நாள்தோறும் கிணற்று நீரையும் கிணற்றைச் சுற்றியுள்ள சேற்றையும் அள்ளி அதன்மேல் தெளிப்பதுதான். அந்த மரத்திலிருந்து பள்ளத்தாக்குகளில் சொட்டும் பனியைத் தேனீக்கள் உண்பதாகவும் எட்டா சொல்கிறது. உலகத்தைத் தாங்கும் மரத்தையே யாரோ அன்றாடம் பேண வேண்டியிருக்கிறது என்ற எண்ணம், வடக்கின் கடுங்குளிரில் பயிரும் கால்நடையும் வைத்துப் பிழைத்தவர்களுக்கு மிகையாகத் தோன்றியிராது.

எல்டன் ரிங்கின் பொன்மரத்துக்கு நீரூற்ற ஒருவரும் இல்லை. ஒரு காலத்தில் அதன் கிளைகளிலிருந்து அருள்நீர் சொட்டியதென்றும், அந்தச் செழிப்புக் காலம் விரைவிலேயே முடிந்துவிட, மரம் வெறும் வழிபாட்டுப் பொருளாக எஞ்சியதென்றும், ஆட்டத்தில் கைக்குக் கிடைக்கும் ஒரு தாயத்தின் குறிப்பு போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. நிலவறைக் கல்லறைகளுக்குள் இறங்கினால் தடித்த வேர்கள் சுவரைப் பிளந்துகொண்டு வந்திருப்பதையும், அவற்றோடு பிணங்கள் பின்னிக் கிடப்பதையும் காணலாம். இறந்தோரை மரத்தின் வேருக்குத் திருப்பித் தருவதே அங்கு மேலான ஈமச்சடங்கு. எட்டாவில் மரத்துக்கு நீர் போகிறது. இங்கே பிணம் போகிறது.

இந்தப் பொன்மர உலகின் மிகக் கூர்மையான படிமம் தலைநகரான லேண்டெலில் இருக்கிறது. தெருக்களெல்லாம் பொன்னிலைகள் உதிர்ந்து மின்னும் அந்த நகரத்தின் சாக்கடைக்குள், ஓமன்கள் எனப்படும் கொம்பு முளைத்த பிறவிகள் அடைபட்டிருக்கிறார்கள். பொன்மரத்தின் ஆதி நிலையில் கொம்பும் வாலும் சிறகும் ஒன்றாகக் கலந்த உயிராற்றல் தெய்வத்தன்மை உடையதாக எண்ணப்பட்டிருக்க, பிற்காலத்தில் அதுவே தீட்டாயிற்று. கடைசியில் மரத்தைக் காக்க வாளேந்தி நிற்கும் மன்னன் மார்காட், அரசியின் வயிற்றில் பிறந்தும் கொம்போடு பிறந்த குற்றத்துக்காக அதே சாக்கடையில் அடைக்கப்பட்டிருந்தவன். அவனை வீழ்த்திவிட்டு மரத்தின் வாயிலுக்குப் போகும் ஆட்டக்காரரை முட்புதர் தடுத்துவிடுகிறது. மரத்தை எரித்தாலொழிய உள்ளே வழியில்லை. எரித்தபின் லேண்டெல் சாம்பலில் புதைகிறது. எட்டாவிலோ, ரக்னரோக் என்னும் பேரழிவில் உலகமே தீக்கிரையானாலும், ஒரு காட்டுக்குள் ஒளிந்த ஆணும் பெண்ணும் விடியற்காலைப் பனித்துளியை உண்டு பிழைத்துக்கொள்கிறார்கள்.

மரத்தைப் பேணும் எண்ணம் இந்த ஆட்டத்தில் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அரசகுலத்தில் பிறந்த மிக்கெல்லா, தன் குருதியையே ஊற்றி வேறொரு மரத்தை வளர்க்க முயல்கிறான். அதுவும் பொன்மரமாகத் தேறாமல் அழுகிப்போகிறது. பேணுதலே இந்த உலகில் காலங்கடந்த காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இக்ட்ரசிலையே நேராகக் காட்டும் ஆட்டங்களும் உண்டு. வால்ஹெய்ம் என்னும் ஆட்டத்தில் அதன் கிளைகள் வானத்தில் தெரியும் அழகான காட்சியாகவும், காட் ஆஃப் வார் ரக்னரோக்கில் அந்த மரம் உலகங்களுக்கிடையே கடந்து செல்லும் வழியாகவும் வருகின்றன. இரண்டிலும் மரத்தின் நோய் பெரிதாகக் கண்ணில் படுவதில்லை.

பொன்மரம் என்னும் இவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்ட ஒரு குறியீட்டுக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து, அதை விளக்குகிறோம் என்று கிளம்பியவர்களிடமிருந்தே வந்திருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. எல்டன் ரிங் தன் கதையை நேராகச் சொல்வதில்லை. வாள், மோதிரம், தாயத்து ஆகியவற்றின் குறிப்புகளில் துண்டு துண்டாகச் சிதறவிட்டு வைக்கிறது. அந்தத் துண்டுகளை ஒட்டவைத்து மணிக்கணக்கில் ஓடும் விளக்கக் காணொளிகள் யூடியூபில் நிறைந்திருக்க, அவற்றுள் பல, வாய்பாடு ஒப்பிப்பதுபோல, பொன்மரம் என்றால் இக்ட்ரசில், நெருப்பு அரக்கன் என்றால் உலகை எரிக்கும் சுர்ட்டர், கொலையுண்ட பொன்னிளவரசன் காட்வின் என்றால் புல்லுருவி பட்டு மாண்ட நார்ஸ் தேவன் பால்டர் என்று கணக்கை முடித்துவிடுகின்றன. ஆனால் பால்டர் இறந்து பாதாளம் போய்ச் சேர்கிறான். காட்வினுக்கோ ஆவி மட்டும் செத்து, உடல் சாகாமல் மரத்தின் வேரடியில் ஊதிப் பரவி, சாவையே நோயாக்கி நிலமெங்கும் தொற்றவைக்கிறது. வாய்பாடு மட்டும் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. படாவிட்டால் இந்த ஆட்டத்தில் சாவு ஏன் இவ்வளவு அருவருப்பாகக் காட்டப்படுகிறது என்பதும் விளங்காது.

புராணம் எல்லாம் வெறும் மேற்பூச்சு, வாள்வீச்சுக்காகத்தான் இதை ஆடுகிறார்கள் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நெடுநேரம் ஒரே மரத்தின் ஒளியில் திரியும் கண்ணுக்குள் அந்த மரம் இறங்காமல் போகாது. குறிப்பாக, எட்டாவைப் புரட்டியிராத இளைஞர்களுக்கு உலக மரம் என்பதே இனி இந்தப் பொன்மரமாகத்தான் இருக்கும். உரைநடை எட்டாவில் மரத்தைப் பற்றிய பகுதி சில பக்கங்கள்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கப்போகிறவர்கள் அதை முதலில் படித்துவிட்டு, விளக்கக் காணொளிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும்.