கல்யாணத்தோடு போன வேலை

மார்ட்டின் லூதர் கிங்கோட அம்மா ஆல்பர்ட்டா பற்றி வாசித்தபோது எனக்கு உறுத்தியது ஒரு விதிதான். ஆசிரியர் பயிற்சி முடித்து அட்லாண்டாவில் பாடம் எடுத்தவர். 1926-ல் கல்யாணம், அதோட வேலை போச்சு. கல்யாணமான பெண்கள் டீச்சராக இருக்கக் கூடாதாம்! (ஆண்கள் இருக்கலாம்.)

மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே 1938-ல் பி.ஏ. முடித்தார். எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தினார், ஆர்கன் வாசித்தார். 1968-ல் மார்ட்டின், அடுத்த வருஷமே இளைய மகன், ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஆர்கனை விடலை. 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனையில் அந்த ஆர்கன் முன்னால் இருந்தபோதுதான் ஒரு இளைஞன் சுட்டுக் கொன்றான்.

மகள் கிறிஸ்டீனும் ஆசிரியர்தான். 1960-ல் கல்யாணம் ஆனபிறகும் ஸ்பெல்மன் கல்லூரியில் பல பத்தாண்டுகள் பாடம் எடுத்தார்.