ஒரு மணி நேரத்தில் இரண்டு தலைநகரங்கள்!

காலை 8 மணிக்கு ஒரு நாட்டில் காப்பி. 10 மணிக்கு இன்னொரு நாட்டில் பலகாரம். இரவு படுக்கை மறுபடியும் முதல் நாட்டில்! இதற்கு விமானம் வேண்டாம். கப்பல் வேண்டாம். சாதாரண ரெயிலே போதும்.

ஐரோப்பாவில் இப்படி ஒரு பிரயாணம் இருக்கிறது. ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. சுலோவாக்கியா நாட்டின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. இரண்டுக்கும் நடுவே, நேர்கோட்டில் அளந்தால், சுமார் 55 கிலோ மீட்டர்தான். ரெயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இரண்டு ஊர்களும் டான்யூப் நதிக்கரையில் இருக்கின்றன. வியன்னா பெரிய நகரம். சுமார் 20 லட்சம் பேர் வசிக்கிறார்கள். பிராட்டிஸ்லாவா சிறியது. அங்கே 5 லட்சத்துக்கும் குறைவு.

வியன்னாவைப் பார்க்கப் போகிற குடும்பங்கள், ஒரு நாளை இந்தப் பிரயாணத்துக்கு ஒதுக்கிவிடலாம். செலவு அதிகம் இல்லை. அலைச்சலும் இல்லை.

ஆனால், இந்த ஒரு மணி நேரப் பிரயாணம், 40 ஆண்டு காலம் சாதாரண மக்களுக்கு எட்டாக் கனியாக இருந்தது. எட்ட முயன்றவர்களில் பலர் உயிரை விட்டார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ரெயில் ஏறினால்தான், ஜன்னலுக்கு வெளியே தெரியும் வயல்வெளியின் அருமை புரியும்.

சக்கரவர்த்தி காலத்து ரெயில்

முன்பு இரண்டு ஊர்களும் ஒரே சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தன. பிராட்டிஸ்லாவாவுக்கு அப்போது பிரஸ்பர்க் என்று பெயர். 1848-ம் ஆண்டிலேயே இரண்டு ஊர்களையும் ரெயில் இணைத்துவிட்டது.

1914-ம் ஆண்டில் இன்னொரு பாதையில் மின்சார ரெயிலும் ஓடத் தொடங்கியது. இந்த ஊர்க்காரர்கள் அந்த ஊருக்குப் போய் நாடகமும் சங்கீதமும் ரசித்துவிட்டு வீடு திரும்ப வசதி ஏற்பட்டது.

அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. 1918-ல் சாம்ராஜ்யம் உடைந்தது. வியன்னா ஒரு நாட்டிலும், பிரஸ்பர்க் செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய நாட்டிலும் சேர்ந்தன. 1919-ல் பிரஸ்பர்க்கின் பெயரும் பிராட்டிஸ்லாவா என்று மாறியது. நடுவே எல்லைக்கோடு விழுந்தது.

இரும்புத்திரை

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1948-ம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது. எல்லைக்கோடு முள்வேலி ஆயிற்று!

வேலியில் மின்சாரம் பாய்ச்சினார்கள். காவல் கோபுரங்கள் கட்டினார்கள். துப்பாக்கியும் நாயுமாகச் சிப்பாய்கள் ரோந்து சுற்றினார்கள். இப்படிப்பட்ட எல்லைகளுக்குத்தான் ‘இரும்புத்திரை’ என்று உலகம் பெயர் வைத்தது.

தண்டவாளம் இருந்தது. ரெயிலும் சில ஓடின. ஆனால் பிராட்டிஸ்லாவாவில் இருக்கும் ஒருவர் நினைத்த மாத்திரத்தில் அதில் ஏற முடியாது. நாட்டை விட்டு வெளியே போவதற்குச் சர்க்காரின் அனுமதி வேண்டும். அது லேசில் கிடைக்காது.

பிராட்டிஸ்லாவாவின் தென்பகுதிக்குப் பெட்ர்ஷால்கா என்று பெயர். அங்கே 1970-ம் ஆண்டுகளில் ஏராளமான அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். மாடியில் ஏறி நின்றால் ஆஸ்திரியா தெரியும். ஆஸ்திரிய டெலிவிஷனும் அந்த வீடுகளில் எடுக்கும். கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. ஆனால் காலால் போக முடியாது!

சிலர் இரவில் வேலியைத் தாண்டப் பார்த்தார்கள். சிலர் ஆற்றில் நீந்தினார்கள். தப்பியவர்கள் உண்டு. சுடப்பட்டும், மின்சாரம் தாக்கியும், நீரில் மூழ்கியும் மாண்டவர்களும் உண்டு.

கதவு திறந்தது

1989-ம் ஆண்டு நவம்பர் மாதம் செக்கோஸ்லோவாக்கியா மக்கள் தெருவில் திரண்டார்கள். ரத்தம் சிந்தாமல் ஆட்சி மாறியது.

அடுத்த மாதம் 10-ந் தேதி பிராட்டிஸ்லாவாவில் ஒரு அதிசயம் நடந்தது. பெரியவர்களும் குழந்தைகளுமாக லட்சக்கணக்கில் மக்கள் புறப்பட்டார்கள். எல்லையைக் கடந்து, ஆஸ்திரியாவில் உள்ள ஹைன்பர்க் என்ற சிற்றூருக்கு நடந்தே போனார்கள். அந்த ஊர்வலத்துக்கு ‘ஐரோப்பாவே, வணக்கம்!’ என்று பெயர். அறுத்தெடுத்த முள்கம்பியைக் கொண்டு, ஆற்றங்கரையில் இதய வடிவில் ஒரு சின்னமும் செய்து வைத்தார்கள்.

1993-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி சுலோவாக்கியா தனி நாடு ஆயிற்று. 2004-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது. 2007-ம் ஆண்டு டிசம்பரில் எல்லைச் சோதனைச் சாவடிகளுக்கும் மூடுவிழா நடந்தது. 2009 முதல் நாணயமும் ஒன்றுதான். இரண்டு நாட்டிலும் ‘யூரோ’ செல்லும்.

ஒரு விசா போதும்

இனி, பிரயாண ஏற்பாட்டைப் பார்ப்போம்.

முதலில் விசா. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து, தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இதற்கு ‘ஷெங்கன்’ ஒப்பந்தம் என்று பெயர். ஆஸ்திரியா, சுலோவாக்கியா இரண்டுமே இதில் உண்டு.

ஆகவே, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் போதும். இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக வாங்கவேண்டியதில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். வியன்னாவில் 5 நாள், பிராட்டிஸ்லாவாவில் ஒரு பகல் என்றால், ஆஸ்திரியாவிடம் விண்ணப்பிக்கவேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சாவடிகள் இல்லை என்பதற்காகப் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. ரெயிலில் போலீசார் ஏறிக் கேட்கலாம். சில சமயம் எல்லையில் தற்காலிகச் சோதனையும் வைப்பார்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் உள்பட எல்லாம் கையில் இருக்கவேண்டும்.

எந்த ஸ்டேஷன்?

புதியவர்கள் குழம்புகிற இடம் இதுதான்!

வியன்னாவை ஜெர்மன் மொழியில் ‘வீன்’ என்பார்கள். ஸ்டேஷன் பலகையிலும் அப்படித்தான் இருக்கும். புறப்படவேண்டிய இடம் வியன்னாவின் பெரிய ஸ்டேஷன். ‘ஹவுப்ட்பான்ஹோப்’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

அங்கிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, வடக்குப் பாதை. இதன் ஒரு பகுதி 1848-ம் ஆண்டுப் பாதை. மார்ஷெக் என்ற ஊர் வழியாக, பிராட்டிஸ்லாவாவின் பெரிய ஸ்டேஷனுக்குப் போகும். அதை ‘ஹ்லாவ்னா ஸ்தானித்சா’ என்கிறார்கள். நாம் சொல்லும் ‘ஸ்தானம்’ என்ற சொல்லுக்கு அது தூரத்து உறவு!

மற்றொன்று, தெற்குப் பாதை. கிட்சே என்ற ஊர் வழியாகப் பெட்ர்ஷால்கா ஸ்டேஷனுக்குப் போகும். பல ஆண்டுகள் அறுந்து கிடந்த இந்தப் பாதையை 1998-ல் மறுபடி திறந்தார்கள்.

பெரிய ஸ்டேஷனில் இறங்கினால் பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம். 20 நிமிடம் ஆகும். நடக்க முடியாதவர்களுக்கு டிராம், பஸ் உண்டு. பெட்ர்ஷால்கா ஸ்டேஷன் டான்யூப் நதிக்குத் தெற்கே இருக்கிறது. பழைய நகரம் நதிக்கு வடக்கே. அங்கே இறங்கினால் பாலத்தைத் தாண்டப் பஸ் ஏறவேண்டும். ஆகவே, ரெயில் ஏறும் முன், அது எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது என்று பலகையைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பாதையில் வேலை நடக்கும் காலங்களில் சில ரெயில்களுக்குப் பதிலாகப் பஸ் விடுவதும் உண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

டிக்கெட் வாங்கும் விதம்

இந்தப் பாதைகளில் ஓடும் உள்ளூர் ரெயில்களில் இடம் பதிவு செய்யவேண்டியதில்லை. டிக்கெட் வாங்கி, காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ரெயிலைத் தவறவிட்டாலும் கவலை இல்லை. அடுத்த ரெயிலுக்கு அதே டிக்கெட் செல்லும்.

போக, வர என்று தனித்தனியாக வாங்காதீர்கள். பிராட்டிஸ்லாவா போய்வருவதற்கென்றே குறைந்த கட்டணத்தில் டிக்கெட் இருக்கிறது. ஒரு பாதையில் போய் மறு பாதையில் திரும்பவும் அது செல்லும். பிராட்டிஸ்லாவா டவுன் பஸ்சுக்கும் டிராமுக்கும் அது செல்லுமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். 6 வயது ஆகாத குழந்தைகளுக்கு ஆஸ்திரிய ரெயிலில் டிக்கெட் கிடையாது.

டவுன் பஸ்சுக்குத் தனியாகக் காகித டிக்கெட் வாங்கினால், வண்டியில் ஏறியதும் அங்குள்ள எந்திரத்தில் முத்திரை குத்தவேண்டும். குத்தாத டிக்கெட் செல்லாது. பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம்!

கால அட்டவணையில் 24 மணி நேரக் கணக்கு. 17-30 என்று இருந்தால், மாலை 5½ மணி என்று அர்த்தம்.

ஜன்னல் ஓரம்

வடக்குப் பாதையில் போனால், மார்ஷெக் தாண்டியதும் ஒரு சிறிய ஆறு வரும். அதன் பெயர் மொராவா. அதுதான் எல்லை! வண்டி பாலத்தில் கடகடவென்று ஓடி, சில விநாடிகளில் அக்கரை சேர்ந்துவிடும். யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பேப்பர் படிப்பவர் படித்துக்கொண்டே இருப்பார். ஒரு காலத்தில் மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்து நீந்திய ஆறு அது.

மார்ஷெக் பகுதியில் கோடை காலத்தில் வெள்ளை நாரைகள் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்த நாரைகளுக்கு எந்தக் காலத்திலும் விசா தேவைப்பட்டதில்லை!

ஊருக்குள் என்ன பார்க்கலாம்?

பழைய நகரம் சிறியது. குழந்தைகளோடு நடந்தே சுற்றலாம்.

குன்றின் மேல் கோட்டை இருக்கிறது. 1811-ம் ஆண்டு தீயில் வெந்து, 140 ஆண்டு பாழாய்க் கிடந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது. அதன் அடியில் செயிண்ட் மார்ட்டின் தேவாலயம். 1563 முதல் 1830 வரை அங்கேரி மன்னர்களுக்கு முடிசூட்டிய இடம் அது. மரியா தெரசா ராணி 1741-ல் இங்கேதான் முடி சூடினார்.

நதியின் மேல் 1972-ல் கட்டிய பெரிய பாலம் இருக்கிறது. அதன் தூண் உச்சியில், பறக்கும் தட்டு போல ஒரு கட்டிடம்! 95 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம்.

குழந்தைகளுக்குப் பிடித்தது ‘சுமில்’ என்ற வெண்கலச் சிலை. சாக்கடை மூடியைத் திறந்துகொண்டு ஒரு ஆள் எட்டிப்பார்ப்பது போல, நடுத்தெருவில் செய்து வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டில், உருளைக்கிழங்கு மாவு உருண்டையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கலந்து தருவது அந்த நாட்டுக்கே உரிய பண்டம். மேலே பன்றி இறைச்சித் துண்டு தூவுவது வழக்கம். சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். கசகசா அல்லது அக்ரூட் பூரணம் வைத்த வளைந்த ரொட்டி, பிராட்டிஸ்லாவாவின் பெருமை. பேக்கரிகளில் கேட்டு வாங்கலாம்.

டேவின் கோட்டை

நேரம் இருந்தால் டவுன் பஸ் ஏறி டேவின் என்ற இடத்துக்குப் போகவேண்டும். மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில், பாறையின் மேல் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1809-ல் நெப்போலியனின் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது.

கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரையில்தான் முள்வேலி ஓடியது. இப்போது அங்கே, தப்பப் பார்த்து மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்கள் சேர முயன்ற அக்கரை எதிரே தெரியும்.

சற்று வடக்கே, அதே ஆற்றின் மேல் 2012-ல் சைக்கிள் பாலம் ஒன்று கட்டினார்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று பொதுமக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். சக் நாரிஸ் என்ற அமெரிக்கச் சண்டை நடிகரின் பெயருக்குத்தான் ஓட்டு குவிந்தது! அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. ‘சுதந்திரப் பாலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அறுந்த பாதை

1914-ம் ஆண்டு மின்சார ரெயில் பாதை என்ன ஆயிற்று? வியன்னாவிலிருந்து அந்தப் பாதையில் இன்றும் ரெயில் வருகிறது. ஆனால் எல்லைக்குச் சற்று முன்னால், வோல்ப்ஸ்தால் என்ற சிற்றூரோடு நின்றுவிடுகிறது. அறுந்த இடத்தை இன்னும் ஒட்டவில்லை.

தண்டவாளம் ஒட்டாவிட்டாலும் மனிதர்கள் ஒட்டிக்கொண்டார்கள். வோல்ப்ஸ்தால், கிட்சே, ஹைன்பர்க் போன்ற ஆஸ்திரிய ஊர்களில் இன்று சுலோவாக்கியர்கள் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். காலையில் எழுந்து பிராட்டிஸ்லாவாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் எல்லையைத் தாண்டி வீடு திரும்புகிறார்கள்.

தாத்தா தாண்ட முடியாத எல்லையில், பேரன் தினமும் இரண்டு முறை போய்வருகிறான்!