முயல் குட்டிகளுக்குப் பசுந்தீவனம்: கவனிக்க வேண்டியவை

தாயிடமிருந்து பிரித்த முதல் சில வாரங்கள் முயல் குட்டிகளுக்குச் சோதனைக் காலம். நேற்று துள்ளிய குட்டி இன்று கழிச்சலில் சுருண்டு கிடந்தால், பல நேரங்களில் தீவனமே காரணம்.

* பனி ஈரத்துடன் அறுத்த புல்லை அப்படியே போடாதீர்கள். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, சற்று வாடிய பின் கொடுங்கள். குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். அதைத் தின்ற குட்டிக்கு வயிறு உப்பும்.

* பூச்சிமருந்து அடித்த வயலின் புல்லைத் தவிர்க்கவும். சந்தையில் கழித்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளில் மருந்து தங்கியிருக்கலாம். கழுவினாலும் முழுமையாகப் போகாது.

* புதிய கீரை எதுவானாலும் முதல் நாள் ஓரிரு இலை மட்டும். பழைய தீவனத்தைத் தொடர்ந்தபடி, ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

* பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, முளைவிட்ட உருளைக்கிழங்கு கூடவே கூடாது. சூபாபுல் தழையை அதிகம் கொடுத்தால் முடி உதிரும்.

* உலர்புல்லும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். மீந்த தழையை மறுநாள் காலையிலேயே அகற்றிவிடுங்கள்.

கழிச்சல் கண்டால் பசுந்தீவனத்தை நிறுத்தி, உலர்புல், தண்ணீர் மட்டும் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். அதுவே முயலின் உயிரைப் பறித்துவிடும்.