காத்து பட்டா வாய் கோணுமா? முக நரம்பின் கதை

திண்டுக்கல் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பழனி பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சு உக்காந்தா, பக்கத்துல இருக்கற பாட்டி "காதைக் கட்டிக்கோப்பா, காத்து அடிச்சா வாய் கோணிக்கும்"னு சொல்லும். மார்கழியில சிறுமலைக்கு பைக்ல போய்ட்டு வந்தாலும் வீட்டுல இதே அர்ச்சனைதான். நானும் இதைக் கேட்டு வளர்ந்த ஆள். அந்த வாய் கோணல் எங்கிருந்து வருது, வந்தா முதல் மூணு நாள்ல என்ன செய்யணும், இதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல ஒரு சின்ன வேலை. புருவத்தைத் தூக்குங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. பல்லைக் காட்டிச் சிரிங்க. விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிங்க. இந்த நாலையும் செய்ய வைத்தது ஒரே நரம்பு. மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் அது ஏழாவது. முக நரம்பு என்பார்கள். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று.

இது போற பாதைதான் கதையோட மையம். மூளைத்தண்டில் தொடங்கி, கேட்கும் நரம்போடு ஜோடி சேர்ந்து காது எலும்புக்குள் நுழைகிறது. அங்கே சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு, வளைந்து வளைந்து போகும் ஒரு எலும்புக் குழாய். நம் உடம்பில் எலும்புக்குள் இவ்வளவு தூரம் பயணம் செய்யும் நரம்புகள் குறைவு. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. காது மடலுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். அதை ஒட்டிய ஒரு துளை வழியாக வெளியே வந்து, கன்னத்தில் இருக்கும் எச்சில் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளைகளாக விரிகிறது. நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து. கையை விரிச்சு கன்னத்துல வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அதே வடிவம்.

தசையை அசைக்கிறது மட்டும் இதோட வேலை இல்ல. நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசி இந்த நரம்பு வழியாகத்தான் போகிறது. கண்ணீர் சுரப்பதும், நாக்குக்கு அடியில் எச்சில் ஊறுவதும் இதன் கட்டளைதான். காதுக்குள் ஸ்டேபீடியஸ் என்று ஒரு குட்டித் தசை உண்டு, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத்தசை. பெரிய சத்தம் வரும்போது அதைக் குறைத்து உள்ளே அனுப்புவது அதுதான். அதையும் இயக்குவது முக நரம்பே.

அதனாலதான் முகவாதம் வந்தவங்க சொல்றது விதவிதமா இருக்கும். "வாய் கொப்புளிச்சா தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது." "பிரியாணில உப்பே தெரியல." "குக்கர் விசில் காதைப் பிளக்குது." தனித்தனிப் பிரச்சினை மாதிரி தெரியும். ஆனா நரம்பு ஒண்ணுதான்.

சரி, காத்துதான் காரணமா? மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது காற்றை அல்ல, ஒரு வைரஸை. உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் பலருடைய உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்துக்கொள்ளும்போது நரம்பு வீங்குகிறது. கை நரம்பு வீங்கினால் சுற்றியுள்ள சதை கொஞ்சம் இடம் கொடுக்கும். இங்கே சுற்றிலும் எலும்பு. வீங்க இடமில்லாமல் நரம்பு தன்னையே நெரித்துக்கொள்கிறது. ரத்த ஓட்டம் குறைந்து, செய்தி போவது நின்றுவிடுகிறது. 1821-ல் இந்த நரம்பைப் பற்றி விரிவாக எழுதிய சார்லஸ் பெல் பெயரில் இதை பெல்ஸ் பால்சி என்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

இது அபூர்வ நோயும் இல்ல. ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு 20 முதல் 30 பேருக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால், நம்ம மாவட்டத்தில் சராசரியாகத் தினமும் ஒருவருக்காவது வாய் கோணுகிறது.

நல்ல செய்தி, சுமார் 70 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் முழுசா சரியாகிடும். "எண்ணெய் தேய்ச்சேன், சரியாச்சு"ங்கிற கதை நிறைய இருக்கறதுக்குக் காரணமும் அதுதான். கேள்வி மிச்சம் 30 சதவீதத்தைப் பற்றியது. 2007-ல் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுமையாகத் தேறினார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களில் 82 சதவீதம். அந்த வித்தியாசம் கிடைப்பது முதல் மூன்று நாளில் ஆரம்பித்தால்தான். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதனால மெடிக்கல்ல நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க. சுகர் இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

அந்த மூன்று நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும்? நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மறுபடி வளரும், ஆனால் வழி தவறலாம். எச்சிலுக்குப் போக வேண்டிய இழை கண்ணீர் சுரப்பிக்குப் போய்விட்டால், சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் கொட்டும். இதற்கு முதலைக் கண்ணீர் என்றே பெயர். சிலருக்கு சிரிச்சா கண்ணு தானா மூடும். எங்க சொந்தத்துல ஒரு அத்தைக்கு அப்படித்தான். கல்யாண போட்டோன்னாலே நகர்ந்து நின்னுக்குவாங்க. உயிர் போற விஷயம் இல்லதான், ஆனா ஒருத்தர் சிரிப்பையே மறைக்க ஆரம்பிச்சா அது சின்ன விஷயமும் இல்ல.

கண்ணைப் பத்தி தனியா சொல்லணும். மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வரும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் மூடித் தூங்க வேண்டும். தொழுநோயிலும் இமைக்குப் போகும் கிளை சேதமாகிப் பார்வை போனவர்கள் உண்டு. அவர்களுக்காக வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் ஓர் அழகான அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். பொட்டில் கைவைத்துப் பல்லைக் கடியுங்கள், ஒரு தசை துடிக்கும். அதை இயக்குவது ஐந்தாவது நரம்பு, அது நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தசையின் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும்.

இனி ரொம்ப முக்கியமான பகுதி. வாய் கோணுவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். நெற்றியைப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. மூளையில் ஒரு பக்கம் அடைப்பு என்றாலும் இன்னொரு பக்கம் சமாளிக்கும். அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முகவாதத்தில் நரம்பே அடிபடுவதால் அந்தப் பக்க நெற்றியும் வழுவழுவென்று நின்றுவிடும். பார்க்க மோசமா இருக்கறதுதான் ஆபத்து குறைஞ்சது.

ஆனா இதை வெச்சு வீட்டுல தீர்ப்பு எழுதாதீங்க. நெற்றி சுருங்குதா, கை கால் தளருதா, பேச்சு குழறுதா? இதுல ஒண்ணுக்கு ஆமான்னு பதில் வந்தாலும் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மூணும் இல்லைன்னாலும் அன்னிக்கே டாக்டர். காதுக்குள் கொப்புளம் இருந்தா அது அக்கி வைரஸ். 2022-ல ஜஸ்டின் பீபருக்கு வந்தது இந்த வகை. அதுக்குக் காவி பூசி அக்கி எழுதினா போதாது, வைரஸ் மாத்திரை வேணும்.

ஜன்னல் சீட்ல தாராளமா உக்காருங்க. யாருக்காவது வாய் கோணினா மட்டும், எப்போ ஆரம்பிச்சதுன்னு மணியைக் குறிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.