முப்பது விநாடிச் சான்று

இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும் நோய்களுள் பல, வருவதும் மறைவதுமாகவே இருப்பதால், படபடப்பு தோன்றும் நேரத்தில் நோயாளி வீட்டில் இருப்பதும், அவர் மருத்துவமனையை அடைந்து ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வதற்குள் இதயம் சீரான நிலைக்குத் திரும்பிவிடுவதும் மருத்துவர்களுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் இடையூறு. மருத்துவமனையில் எடுக்கப்படும் வழக்கமான ஈ.சி.ஜி. ஏறத்தாழ 10 விநாடிகளின் நிகழ்வையே பதிவு செய்கிறது. 24 மணி நேரம் மார்பில் ஒட்டிவைக்கப்படும் ஹோல்ட்டர் கருவியும், மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் கோளாற்றைப் பிடிக்கத் தவறிவிடக்கூடும். விரல் வைத்தால் 30 விநாடிகளில் பதிவு தரும் கையடக்க இதய மானி நிரப்ப முயல்வது இந்த இடைவெளியைத்தான்.

இக்கருவிகள் முதன்மையாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்தை. இயல்பான இதயத்தில், வலது மேலறையின் மேற்பகுதியிலுள்ள சைனஸ் கணு என்னும் திசுத்தொகுதி, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை எழுப்ப, அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவில் சற்றே தாமதித்து, கீழறைகளை அடைந்து அவற்றைச் சுருங்கச் செய்கிறது. மேலறை நடுக்கத்தில் இந்த ஒழுங்கு முற்றிலும் குலைந்து, மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான தூண்டல்கள் எழ, அவற்றுள் சில மட்டும் நடுக்கணுவைக் கடந்து இறங்குவதால் நாடி எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் துடிக்கிறது. சரிவரச் சுருங்காத மேலறையில், குறிப்பாக இடது மேலறையை ஒட்டிய சிறு பையில், ரத்தம் தேங்கி உறையலாம். அக்கட்டி நகர்ந்து மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் நேர்கிறது. மேலறை நடுக்கம் பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. நோயாளிகளுள் கணிசமானோர் எந்த அறிகுறியையும் உணர்வதில்லை என்பதும், சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாகிவிடுகிறது என்பதும் இதன் கொடுமை.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முதல் பயன்தகு ஈ.சி.ஜி. கருவி சுமார் 270 கிலோ எடை கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டியிருந்தது. அக்கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமையால், 1905இல் ஐந்தோவன் நோயாளியின் இதய மின்குறிகையைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். நோபல் பரிசு 1924இல் அவரை வந்தடைந்தது. இதயப் பதிவைப் படுக்கையிலிருந்து விடுவித்து, நடமாடும் மனிதரிடமே எடுக்க முனைந்த அமெரிக்கரான நார்மன் ஹோல்ட்டர் 1940களின் பிற்பகுதியில் அமைத்த கருவியோ முதுகில் சுமக்க வேண்டிய 38 கிலோ மூட்டையாக இருந்தது.

இன்று அதே வேலையைச் சட்டைப்பையில் அடங்கும் பட்டை ஒன்று செய்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலை 2012இல் பெற்ற அலைவ்கோர் நிறுவனத்தின் கருவியில் இரண்டு உலோகத் தகடுகள் உள்ளன; இடது கை விரல்களை ஒன்றிலும் வலது கை விரல்களை மற்றொன்றிலும் வைக்கும்போது, இரு கைகளுக்கும் இடையிலான நுண்ணிய மின்னழுத்த வேறுபாடு பதிவாகிறது. அதன் தொடக்ககால மாதிரிகள் இப்பதிவைக் காதுக்கு எட்டாத மீயொலியாக மாற்றி அனுப்ப, கைபேசியின் ஒலிவாங்கி அதைக் கேட்டுத் திரையில் கோடாக வரைந்தது என்பது பொறியியல் நோக்கில் வியக்கத்தக்க எளிமை. பின்னர் வந்த, இதயத்தின் மின்னோட்டத்தை ஆறு கோணங்களிலிருந்து பதியும் கருவி, இரு கை விரல்களுடன் இடது முழங்காலையோ கணுக்காலையோ தொடச் சொல்கிறது. ஐந்தோவனின் உப்புநீர்த் தொட்டிகள் தொட்ட மூன்று இடங்களும் இவையே. 2018 முதல் சில கைக்கடிகாரங்களும் இரு கைகளுக்கிடையே இத்தகைய பதிவை எடுக்கின்றன.

பதிவு எடுத்தவுடன் கருவி ‘இயல்பு’, ‘மேலறை நடுக்கமாக இருக்கலாம்’, ‘வகைப்படுத்த இயலவில்லை’ என்பன போன்ற ஒற்றை வரித் தீர்ப்பைக் காட்டுகிறது. பெரும்பாலோர் அத்தீர்ப்போடு நின்றுவிடுகின்றனர். ஆனால் மருத்துவருக்குப் பயன்படுவது அதற்குக் கீழே ஓடும் கோடுதான். சீரான துடிப்பில், ஒவ்வொரு கூர்முனைக்கும் சற்று முன்னால் பி அலை என்னும் சிறு மேடு தெரியும். அது மேலறை சுருங்கத் தூண்டப்பட்டதன் அடையாளம். மேலறை நடுக்கத்தில் அம்மேடு காணாமற்போய், அவ்விடத்தில் கோடு நெளிந்து கிடக்கும். கூர்முனைகளுக்கிடையிலான இடைவெளி ஒன்றைப்போல் மற்றொன்று இராது. இவ்விரண்டும் ஒருங்கே 30 விநாடிகள் பதிவாகி, மருத்துவர் அதைப் பார்த்து உறுதி செய்தால், நோயைத் தீர்மானிக்க ஒற்றைக் கோணப் பதிவே போதும் என்பதை ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே கருவி சொன்ன சொல்லை மனத்தில் வைத்துச் சென்று மருத்துவரிடம் ஒப்பிப்பதைவிட, பதிவுக் கோப்பையே, எந்த நேரத்தில் என்ன உணர்ந்தபோது எடுத்தது என்ற குறிப்போடு கொண்டுசெல்வதே முறை.

கருவியின் கணிப்பு பிழைபடும் இடங்களும் உண்டு. இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவதும், அடுத்ததற்குச் சற்று நேரமாவதும் ‘ஒரு துடிப்பு விட்டுப்போனது’ என்ற உணர்வைத் தருகின்றன. எக்டோபிக் எனப்படும் இம்முந்து துடிப்புகள் இதயநோய் இல்லாத பலருக்கும் உள்ளவை, பெரும்பாலும் தீங்கற்றவை. அவை அடிக்கடி வந்தால் கருவி குழம்பி, மேலறை நடுக்கம் என்றோ வகைப்படுத்த இயலவில்லை என்றோ காட்டலாம். உலர்ந்த விரல், நடுங்கும் கை, பேசிக்கொண்டே எடுப்பது, அருகில் சார்ஜரில் செருகிய கைபேசி ஆகியவையும் கோட்டைக் கலைக்கும். சில நிமிடங்கள் அமைதியாக உட்கார்ந்து, முன்கைகளை மேசைமீது தளர்வாக வைத்து, விரல்களைச் சற்றே ஈரப்படுத்திக்கொண்டு எடுத்தால் தெளிவான பதிவு கிடைக்கும்.

இத்தகைய பதிவுகளால் நன்மை விளைகிறதா என்பதை ஆய்வுகள் சோதித்துள்ளன. அவற்றின் விடை விளம்பரங்களைவிட அடக்கமானது. வேல்ஸில் 65 வயதைக் கடந்த 1,001 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக் காலம் வாரம் இருமுறை கைபேசிக் கருவியால் பதிவெடுத்துக்கொண்டவர்களுள் 19 பேருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுள் 5 பேருக்கும் மேலறை நடுக்கம் கண்டறியப்பட்டது. கண்டுபிடிப்பது கூடுகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் டென்மார்க்கில் ஏறத்தாழ 6,000 முதியவர்களிடம் நடந்து 2021இல் வெளியான லூப் ஆய்வில், தோலுக்கடியில் பதிவுக்கருவி பொருத்தப்பட்டோரிடம் இந்நோய் சுமார் மூன்று மடங்கு கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, மருந்தும் தொடங்கப்பட்டபோதும், பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாக நிறுவப்படவில்லை. அதே ஆண்டு வெளியான ஸ்வீடன் ஆய்வில், 75, 76 வயதினரை அழைத்து இரு வாரம் கையடக்கக் கருவியால் பதிவெடுக்கச் செய்ததில் சிறிய அளவிலான நன்மை தெரிந்தது. சில நிமிடங்கள் மட்டும் தோன்றி மறையும் நடுக்கமும் பல மணி நேரம் நீடிக்கும் நடுக்கமும் ஒரே அளவு ஆபத்துடையன அல்ல என்பதே இம்முடிவுகளிலிருந்து பெறத்தக்க நியாயமான கருத்து.

நோய் உறுதியான பின்னும் எல்லோருக்கும் ஒரே மருந்து தரப்படுவதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முந்தைய பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவையா என மருத்துவர் முடிவு செய்கிறார். இந்தியாவில் இதில் ஒரு தனிக் கவனமும் தேவைப்படுகிறது. சிறுவயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இளவயதிலேயே மேலறை நடுக்கம் வருவதுண்டு. அவர்களுக்குப் புதிய மருந்துகளைவிடப் பழைய வார்ஃபரினே ஏற்றது என்பதை 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. வார்ஃபரின் உட்கொள்பவர்கள் ரத்தம் உறையும் அளவைச் சீராகச் சோதித்துக்கொள்வதோடு, கீரை உண்ணும் அளவையும் திடீரென்று மாற்றாமல் இருக்க வேண்டும்.

அவ்வப்போது படபடப்போ காரணம் புரியாத மயக்கமோ உள்ளவர்களுக்கும், சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா எனக் கவனிக்க வேண்டியவர்களுக்கும் இக்கருவி பொருள் செலவிடத் தகுந்தது. அச்சம் மிகுந்து நாளுக்கு இருபது முறை பதிவெடுப்பவருக்கு அதனால் தூக்கம் கெடுவதே மிச்சம். கருவி வாங்க இயலாதவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்ப்பதும் மதிப்புள்ள சோதனையே. தாளமற்ற நாடி தெரிந்தால், மருத்துவமனை ஈ.சி.ஜி. மூலம் உறுதி செய்துகொள்ளலாம்.

மேலறை நடுக்கம் வேறு, மாரடைப்பு வேறு; மாரடைப்பைக் கண்டறியப் பன்னிரண்டு கோணப் பதிவும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கையடக்க மானி ‘இயல்பு’ என்று காட்டுவது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், கருவியைத் தேடி நேரம் போக்காமல் தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் உடனே அழைக்க வேண்டும்.